ஓட்டுப்பட்டறை அம்மாயி காலமானார்: அவர் வீட்டில் வளர்ந்தவர்கள், பிள்ளை விட்டவர்கள் எழுதுங்கள்

மேல்குன்னூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்):

குன்னூர் ஓட்டுப்பட்டறையில், படிக்கட்டு ஓரத்துப் பச்சைக் கதவு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாயி போன வாரம் காலமாகிவிட்டார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். கொஞ்ச நாளாகவே மூச்சிரைப்பு இருந்தது. அடக்கம் அன்றைக்கே முடிந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் பலருக்குத் தகவல் போகவில்லை என்று மகன் சொன்னார், அதனால்தான் இங்கே போடுகிறேன்.

பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். போட்டாலும் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. பிள்ளையை விட வந்த அம்மாவும் அம்மாயி என்றார், பிள்ளையும் அம்மாயி என்றது, பால்காரரும் அப்படித்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அது போதும். பதினாறாம் நாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் அச்செடுத்து மகனிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

சந்தைக்கடை:

ஐயோ. நானும் தம்பியும் அங்கே வளர்ந்தவர்கள். ராத்திரி அம்மாவிடம் சொன்னேன், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு எழுதுகிறேன்.

வண்டிச்சோலை:

என் அம்மா கூலிக்குக் கொழுந்து பறித்தவர். சொந்தத் தோட்டமும் இல்லை, எஸ்டேட்டில் பேரும் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் எங்கே கூப்பிட்டாலும் போவார். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் நுழைய முடியாது. குச்சி கிழிக்கும், மழைக்காலத்தில் அட்டை வேறு. அதனால் தவழ ஆரம்பித்த வயதில் என்னை அம்மாயி வீட்டில் விட்டாராம். பள்ளிக்கூடம் சேரும்வரை அங்கேதான் இருந்தேன். காசு வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வளர்த்த தெய்வம் அவர்.

கிளை எழுத்தர்:

தெய்வம் என்பது உங்கள் மனசு, அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் காசு வாங்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள் தங்கச்சி. வாங்கினார், கறாராகவே வாங்கினார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போனவர்கள், பையனை அங்கே விட்டிருந்தோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். அதில் நூல் கட்டிய பென்சில். இடது ஓரம் பிள்ளையின் பெயர், அப்புறம் கிழமைக்கு ஒரு கட்டம். நாள் முழுக்க இருந்தால் ஒரு பேர், மத்தியானத்தோடு போனால் அரைப்பேர். எஸ்டேட்டில் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் செக்ரோலில் எழுதுகிற அதே முறை. கூலிக்குப் போகிறவர்களுக்கு வாரக் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் தீர்க்க வேண்டும். எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்கு மாதக் கணக்கு. அதுவும் அவர்கள் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

எனக்கு இது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை கேட்டே விட்டேன், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கஞ்சிதானே அம்மாயி, எனக்கு மட்டும் ஏன் இந்த ரேட் என்று. "மழை பேஞ்சாலும் உங்களுக்குச் சம்பளம் உண்டு சார். அதுகளுக்கு மழை பேஞ்சா அன்னிக்கு அடுப்பு இல்ல" என்றார். சரி என்று காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கணக்குப் பார்த்து நடத்தியதால்தான் இத்தனை வருஷம் நடந்தது. இதைத் தர்மம் என்று எழுதினால் அவர் பார்த்த வேலையைக் குறைத்துச் சொல்வதாகும்.

தேயிலைத் தூள்:

அந்த நோட்டில் கடைசியாக இன்னொரு கட்டம் உண்டு அண்ணா. மேலே "நிற்பது" என்று எழுதியிருக்கும்.

1999, 2000 வாக்கில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை, நிறையப் பேர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் அரை ஏக்கரும் காடு பிடித்துப் போனது. கூலி இல்லாத வீட்டில் பிள்ளை விட்ட காசு எங்கிருந்து வரும்? நோட்டில் அந்தக் கடைசிக் கட்டத்துக் கணக்குதான் ஏறிக்கொண்டே போனது. அம்மாயி யாரையும் வராதே என்று சொல்லவில்லை. தள்ளுபடியும் செய்யவில்லை. சிலர் பீன்ஸ், கேரட் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு மார்க்கெட்டில் பீன்ஸ் என்ன விலை என்று கேட்டு வந்து, அந்த விலைக்குக் கழிப்பார். எங்கள் அப்பா விறகு பிளந்து கழித்தார்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பம் சில வருஷம் கழித்து மணியார்டர் அனுப்பியது. அம்மாயி பழைய நோட்டைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, அந்த வரியைத் தேடிப் பிடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதினார். இறக்கிக் கொடுத்தது நான்தான். எனக்குக் கூட்டல் கழித்தல் வந்ததே அந்த நோட்டில்தான்.

லயத்துப் பிள்ளை:

அரைப்பேர், செக்ரோல் எல்லாம் அவரோடு கடல் தாண்டி வந்தவை. அம்மாயி பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தார்கள். போக வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. எழுபதுகளில் இவர்கள் குடும்பத்துக்கு முறை வந்தது. ஏற்றிவிட வந்த சொந்தபந்தம் ஸ்டேஷனில் விழுந்து அழும் என்பதால் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அதில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தார்.

எங்கள் பாட்டியும் அவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், அதனால் இதெல்லாம் தெரியும். அம்மாயியின் அம்மா அங்கே பிள்ளைக்காம்பரா ஆயா. லயத்துப் பிள்ளைகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளை, வரிசையாகத் தூளியில் போட்டுப் பார்க்கிற வேலை. இவர் சின்ன வயதிலேயே அங்கே தூளி ஆட்டியிருக்கிறார். இங்கே வந்து பல வருஷம் கூடை சுமந்தார். சரிவில் விழுந்து கால் முறிந்து, கூடை தூக்க முடியாமல் போனதும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். எண்பதுகளின் கடைசியில் இருக்கும். அடுத்த மழைக்குள் ஒன்று நாலாகிவிட்டதாம்.

தூளி கட்டியதும் முதலில் தன் இரண்டு கையையும் போட்டு, முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பார். அப்புறம்தான் பிள்ளையைப் போடுவார். தினமும், ஒவ்வொரு தூளிக்கும். நேற்றுக் கட்டிய முடிச்சு இன்றைக்கு உதவாது என்பது அவர் கணக்கு.

மத்தியானம் பெரிய பிள்ளைகளுக்குத் தேங்காய் ரொட்டி. கூடவே சம்பல், காரம் இல்லாமல். எங்கள் வீட்டு ரொட்டி அந்தப் பக்குவத்துக்கு வந்ததே இல்லை.

பழைய கோப்பு:

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு விவரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் தொட்டதே 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருக்கிற தோட்டத்திலிருந்துதான். நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு வெகு கீழே இருக்கும் சிறு விவசாயிகள். 2017இல் திருத்திய மகப்பேறு சட்டமும் 50 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் காப்பகம் கேட்டது. துணிக்கடை, பேக்கரி, லாட்ஜ், சின்ன ஃபேக்டரி எதில் 50 பேர் தேறுவார்கள்? அங்கன்வாடி 1975இல் வந்த நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதப் பிள்ளையைக் காலையில் விட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து எடுக்கிற மாதிரி அது அமையவில்லை.

வீட்டில் பாட்டி இருந்தால் பிழைத்தோம். இல்லாதவர்கள் அம்மாயி வீட்டுப் படி ஏறினார்கள். நானே பேத்தியை விட ஏறியிருக்கிறேன். துறைக்காரன் என்று தெரிந்ததும் நோட்டை எடுத்துக் காட்டப் பார்த்தார், நான்தான் வேண்டாம் என்றேன்.

மலைரயில்:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் போடுகிறேன்.

மகளுக்கு அன்றைக்கு லேசாக உடம்பு சுட்டது. காலையில் வாசலிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார். நான் வேலை பார்த்த கடையில் லீவு கேட்க முடியாத நேரம். கெஞ்சினேன். "உள்ளே ஏழு கிடக்கு. ஒண்ணுக்காக ஏழையும் படுக்க வைக்க மாட்டேன் தாயி" என்றார். அன்றைக்குச் சம்பளம் போனது, முதலாளியிடம் வாங்கிய பேச்சு தனி. ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்றைக்கும் அவர் செய்தது சரிதான் என்று முழு மனதோடு சொல்ல வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா?

நைட் டூட்டி:

அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான். நான் நர்ஸ், அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். ஒரே அறை, எட்டுக் குழந்தைகள், குளிருக்குச் சாத்தின ஜன்னல். அதற்குள் ஒரு தட்டம்மை நுழைந்தால் ஊசி போடும் வயது வராத குழந்தைதான் முதலில் மாட்டும். வாசலில் அவர் நெற்றியை மட்டும் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால், உள்ளங்கை, வாய்க்குள் என்று வரிசையாகப் பார்ப்பார். எங்கேயும் படித்ததில்லை. அவர் கை போன இடங்கள் எல்லாம் நாங்கள் வார்டில் தேடுகிற இடங்கள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கொடுக்க வேண்டியது உங்கள் முதலாளி. அந்த ஆளை விட்டுவிட்டு நீங்களும் அம்மாயியும் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எனக்கு அந்த வீட்டில் மறக்காதது துணி காயப்போடுவது. அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை குன்னூரில் துணி காயாது. எட்டுப் பிள்ளைகளின் துணி என்றால் நினைத்துப் பாருங்கள். திண்ணையில் கும்முட்டி அடுப்பில் கரி போடுவார். கரி சிவந்து, புகை நின்ற பிறகு மேலே மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார். அதன்மேல் துணியை விரித்து, பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்து புரட்டிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் பழுப்பேறிவிடும். எடுத்த துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். வேலை செய்து காய்த்துப் போன கைக்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும் என்பார். ஒவ்வொரு துணியின் மூலையிலும் கலர் நூலில் ஒரு தையல், பிள்ளைக்கு ஒரு கலர். ஒன்றின் துணி இன்னொன்றுக்குப் போகாது.

எவ்வளவு குளிரானாலும் அந்தக் கரி அடுப்பு வாசல்படி தாண்டி உள்ளே வராது. மூடின அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் வருஷா வருஷம் யாராவது வைக்கிறார்கள்.

படிக்கட்டு:

ஆறு மணிக்கு மேல் பிள்ளையை எடுக்கப் போனால் திட்டு விழும், அதை இன்னும் யாரும் எழுதவில்லையே!

காரணம் இருந்தது. இருட்டினால் அந்தப் படிக்கட்டில் காட்டெருமை வந்து நிற்கும். கரடியும் வரும். கரடிக்கு எண்ணெய் வாசனை போதும், கதவை உடைக்கும். கோயில் விளக்கு எண்ணெயையே குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. அதனால் அம்மாயி அடுப்பு வேலையை நாலு மணிக்குள் முடித்து, எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார். எங்கள் அப்பா ஒரு நாள் தாமதமாக வந்தார். கீழே ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மாயி ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கரண்டி, என் கையில் தகரத் தட்டு என்று புறப்பட்டுவிட்டார். ரோடு வரை தட்டிக்கொண்டே இறங்கினோம். எனக்கு ஒரே குஷி. அப்பாவுக்கு ரோட்டிலேயே அர்ச்சனை நடந்தது. அன்றைக்குத் தாமதத்துக்கு அரைப்பேர் கூடப் போட்டார் என்று அப்பா இன்னும் சொல்வார்.

கேத்தி மழை:

2009 நவம்பர் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்த சமயம் அது. மலை முழுக்க மண் சரிந்தது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. என் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கியவர், மேலே வர முடியவில்லை. அம்மா கேத்திப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டார். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். என்னைப் போல எடுக்க ஆள் வராத பிள்ளைகள் இன்னும் சிலர் அங்கே இருந்தோம்.

ராத்திரி அம்மாயி தூங்கவில்லை. பின்சுவர் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும், அங்கே ஒரு கிண்ணம் வைத்திருப்பார். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை விளக்கடியில் கொண்டுவந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிவாக வந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக வர ஆரம்பித்ததும் எல்லாரையும் எழுப்பிவிட்டார். மலைச்சரிவு பார்த்து வளர்ந்தவர், அவருக்கு அது போதும். கைக்குழந்தைகள் இரண்டை மகனும் மருமகளும் தூக்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு சேலையை முறுக்கிக் கயிறாக்கி, ஆளுக்கு ஓர் இடத்தில் பிடிக்கச் சொன்னார். விட்டால் அடி என்றார். அவர் கடைசியில், சேலை நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு. அந்தக் காலோடு. மேலே இருந்த பள்ளிக்கூட வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். விடிந்து பார்த்தால் பின்சுவர் பாதி உள்ளே விழுந்திருந்தது, தூளிகள் தொங்கும் அறையில்.

அப்பா நாலைந்து நாள் கழித்து வந்து சேர்ந்தார். காலில் விழப்போனவரைத் தடுத்து, பாலுக்கும் ரொட்டிக்கும் ஆன கணக்கை மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

சமவெளிவாசி:

இந்தக் காலத்து ப்ளேஸ்கூல்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். ஏசி ரூம், சிசிடிவி, வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ். எல்லாம் கொள்ளை!

மேல்குன்னூர்க்காரன்:

அந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள் சார். இங்கே வேண்டாம்.

சந்தைக்கடை:

சொன்னபடி வந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு சந்தேகம், தம்பி மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. அம்மாயி கொடுக்கும் ராகிக் கஞ்சி எப்படி என்று யாருக்காவது தெரியுமா? பாக்கெட் மாவில் செய்தால் குழந்தை துப்புகிறது.

வண்டிச்சோலை:

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் அக்கா: ராகியைக் கல் போகக் கழுவி ராத்திரி ஊறவைக்க வேண்டும். காலையில் நைசாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் போட்டுப் பாலாகப் பிழிய வேண்டும். திப்பி கூடாது. அந்தப் பாலை அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் விடாமல் கிளற வேண்டும், பளபளப்பு வரும்வரை. ஒரு வயதுக்கு முன்னால் உப்பும் இல்லை, வெல்லமும் இல்லை. அம்மாயி கறாராக இருந்த இன்னொரு விஷயமாம் இது. வாரா வாரம் காசு கொடுத்ததையும் அம்மா சொன்னார், அண்ணனுக்குத் தெரிவிக்கச் சொன்னார்.

பச்சைக் கதவு:

வணக்கம். நான் அவருடைய மருமகள். எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். 2009இல் அத்தை கிண்ணத்தைப் பார்த்தது எங்களுக்கே இப்போதுதான் தெரியும், எழுந்து நட என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னார்.

நிறையப் பேர் போனில் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு தொடர்ந்து நடக்கும். அத்தை படுத்ததிலிருந்தே நானும் என் நாத்தனாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், பதினாறாம் நாள் முடிந்து வரும் திங்கட்கிழமை திறக்கிறோம். காலை ஏழரை முதல் ஆறு மணி வரை. காசு முறை பழையபடிதான், நோட்டும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. காய்ச்சல் விஷயத்தில் எங்களாலும் மாற்ற முடியாது, மலைரயில் அக்கா மன்னிக்கணும். ஆனால் வாசல் வரை வந்து திரும்புவதற்குப் பதில், காலையில் போன் போட்டால் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

பதினாறாம் நாள் மத்தியானம் சாப்பாடு உண்டு, எல்லாரும் வாருங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்பவர்களுக்கு: பொம்மை வேண்டாம், நிறைய இருக்கிறது. தூளிக்குப் பழைய பருத்திச் சேலை இருந்தால் கொண்டுவாருங்கள். நைலக்ஸ் வேண்டாம், முடிச்சு வழுக்கும்.

தேயிலைத் தூள்:

அக்கா, அம்மாவின் சேலை இரண்டு இருக்கிறது, சின்னாளப்பட்டி. ஓரம் மட்டும் கொஞ்சம் நைந்திருக்கிறது. பரவாயில்லையா?

பச்சைக் கதவு:

நைந்த பக்கத்தைக் கிழித்துத் துடைக்க எடுத்துக்கொள்கிறேன் தம்பி. கொண்டுவாங்க.